அழுததுக்கு "புருஷனா இருங்க பிரதர்"னு சொல்லிட்டாங்க, அந்த வசனத்துக்கு என்னதான் அர்த்தம்?

ஓரமா_உக்காந்தவன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதினதில்ல, இப்ப எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு 37 வயசு. வேலை போய் 7 மாசம் ஆச்சு. மனைவி நர்ஸ், நைட் ஷிஃப்ட், வீடு ஓடுறது முழுக்க அவ சம்பளத்துலதான். பாப்பாவுக்கு 5 வயசு. அவளை எழுப்பி குளிப்பாட்டி ஸ்கூல்ல விடுறது, சமையல், துணி, பாத்திரம் எல்லாம் நான். எனக்கு அதுல வருத்தம் இல்ல, நெஜமாவே இல்ல, ரெட்டை ஜடை போடக்கூட கத்துக்கிட்டேன், வகிடுதான் இன்னும் சரியா வரல, நெத்திகிட்ட நேரா ஆரம்பிக்கும், பின் மண்டைக்கு வர்றப்ப எங்கயோ கோணிக்கிட்டு போயிடும்.

போன சனிக்கிழமை எங்க சபையில ஆண்கள் கூடுகை. வட்டமா 14 பேர் உக்காந்திருந்தோம். ஒவ்வொருத்தரா ஜெபக்குறிப்பு சொல்லிட்டு வர்றாங்க, என் முறை வந்துச்சு. ஒரு இன்டர்வியூ கடைசி ரவுண்டு வரைக்கும் போய் கைவிட்டுப் போன கதையை சொல்ல ஆரம்பிச்சேன், பாதியில தொண்டை அடைச்சிருச்சு, அப்புறம் அழுகை நிக்கல. நடத்துறவர் எழுந்து வந்து தோள்ல கைவெச்சு, "பிரதர், புருஷராயிருங்கள்னு வேதம் சொல்லுது, நீங்க குடும்பத்துக்குத் தலை, தலையே உடைஞ்சா சரீரம் என்னாகும்"னு சொன்னார். திட்டலை, அன்பாத்தான் சொன்னார். ஆனா சுத்தி இருந்தவங்க எல்லாரும் ஆமென் சொன்னாங்க பாருங்க, அந்த ஆமென் இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம் செய்தி. தலைப்பு "தேவனுடைய போர்வீரன்", ஸ்கிரீன்ல ஒரு வாளும் ஒரு சிங்கமும். நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு அந்த சிங்கத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

வீட்ல "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா, "நல்லா இருந்துச்சு"ன்னுட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பாப்பா ஒரு டம்ளர் தண்ணியைத் தட்டிவிட்டுட்டா. நான் கத்தின கத்துல புள்ள அப்படியே சுவரோட சுவரா ஒட்டிக்கிச்சு. சொல்லவே அசிங்கமா இருக்கு, கத்தும்போது உள்ளுக்குள்ள ஏதோ நிமிர்ந்த மாதிரி இருந்துச்சு. 7 மாசத்துல மொத தடவை. அதுதான் என்னை பயமுறுத்திருச்சு.

அதனால கேக்குறேன். கிறிஸ்தவ ஆம்பளைன்னா யாரு? அந்த வசனம் உண்மையிலேயே அழாதேன்னுதான் சொல்லுதா? சம்பளம் இல்லாதவன் தலையா இருக்க முடியுமா? யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம், வேதத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

பழைய_வலை:

தம்பி, வயசுல உங்களுக்கு அப்பா ஸ்தானம்னு நினைக்கிறேன், அதனால தம்பின்னே கூப்பிடுறேன்.

அவர் சொன்ன வசனம் 1 கொரிந்தியர் 16:13. "விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள், புருஷராயிருங்கள், திடன்கொள்ளுங்கள்." எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. அடுத்த வசனம், 14, "உங்கள் காரியங்களெல்லாம் அன்போடே செய்யப்படக்கடவது." அந்த நிருபத்தை எழுதின பவுல் ஒரே மூச்சுல சொன்னது, நாமதான் நடுவுல வெட்டிட்டோம்.

கிரேக்கத்துல அது ஒரே வார்த்தை, ஆண்ட்ரிட்ஸெஸ்தெ. அனேர்னா ஆண், அதுலருந்து வந்தது, அதனால நம்ம பழைய மொழிபெயர்ப்புல புருஷராயிருங்கள்னு போட்டது தப்புன்னு சொல்ல முடியாது. புதிய ஏற்பாட்டுல இந்த ஒரு இடத்துல மட்டும்தான் வருது. ஆனா பவுல் இதை யாருக்கு எழுதுறார்னு பாருங்க. ஆம்பளைங்க கூடுகைக்கு இல்ல, கொரிந்து சபை முழுசுக்கும். பெண்களும் அங்க உக்காந்து இந்த நிருபத்தை வாசிக்கக் கேட்டிருப்பாங்க. 6 வசனம் தள்ளி, 19ல, பிரிஸ்கில்லாள்ங்கிற பெண்ணும் அவங்க புருஷன் ஆக்கில்லாவும் வாழ்த்து அனுப்புறாங்க. ஆக "புருஷராயிருங்கள்" பெண்களுக்கும் சேர்த்து சொன்ன வார்த்தை, அப்ப அதுக்கு தைரியமா நில்லுங்கன்னுதான் அர்த்தம் இருக்க முடியும். ஆங்கிலத்துல என்ஐவி மொழிபெயர்ப்பு அப்படித்தான் போட்டிருக்கு, பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்புதான் ஆம்பளை மாதிரி நடந்துக்கங்கன்னு வெச்சிருக்கு.

இதை விட எனக்கு முக்கியமாப் படுறது இன்னொண்ணு. பவுலுக்குப் பழக்கமான கிரேக்க பழைய ஏற்பாட்டுல, செப்துவஜிந்த்துல, இதே வார்த்தை பல இடத்துல வரும். யோசுவா 1:6ல வரும், அது யுத்தத்துக்குப் போறவனுக்கு சொன்னது, அதை எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா சங்கீதம் 27:14ஐ பாருங்க. "கர்த்தருக்குக் காத்திரு... திடமனதாயிருந்து, கர்த்தருக்கே காத்திரு." அந்த திடமனதாயிருங்கிற இடத்துல கிரேக்கத்துல இருக்கிறது இதே சொல். சங்கீதம் 31:24லயும் அதே, அதுவும் காத்திருக்கிறவங்களுக்குத்தான். வாளை உருவுறவனுக்கு சொன்ன வார்த்தையை, ஒண்ணும் பண்ண முடியாம காத்துட்டு இருக்கிறவனுக்கும் சொல்லியிருக்கு. 7 மாசமா காத்துக்கிட்டு, காலையில எழுந்து புள்ளைக்கு ஜடை பின்னுறவனுக்கு இந்த வசனம் எதிரி இல்ல தம்பி, உங்க பக்கம் நிக்கிற வசனம் அது.

அழுகையைப் பத்தி: எபிரெயர் 5:7, இயேசு "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" விண்ணப்பம் பண்ணினார்னு இருக்கு. பலத்த சத்தம். ஓரமா ஒரு சொட்டு விட்டு கர்ச்சீப்ல ஒத்திக்கிற கண்ணீர் இல்ல. அப்போஸ்தலர் 20:37ல எபேசு சபை மூப்பர்கள் எல்லாரும் பவுல் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறாங்க, முத்தம் குடுக்கிறாங்க. மூப்பர்கள்! அந்த கூட்டத்துல யாரும் எழுந்து புருஷராயிருங்கள்னு சொல்லல, சொல்லியிருக்க வேண்டிய பவுலே கண்ணீரோட ஊழியம் பண்ணினேன்னு அதே அதிகாரத்துல சொல்றார், 19லயும் 31லயும்.

சில்லுனு_ஒரு_சீலா:

பிரதர் முழுசா படிச்சேன். சிங்கம் படம் எங்க சபையிலயும் இருக்கு, அதே சிங்கம்தான்னு நினைக்கிறேன், எல்லாரும் ஒரே இடத்துலருந்து டவுன்லோட் பண்றாங்க போல 😅 உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கேப்டன்_யோசுவா:

இங்க எல்லாரும் ஒரே பக்கமா சாயப் போறீங்கன்னு தெரியுது, அதனால மறுபக்கத்தை நான் சொல்றேன், அடிக்க வராதீங்க.

பிரதர் அழுதது தப்பில்ல, அந்த லீடர் அந்த நேரத்துல அதை சொல்லியிருக்க வேண்டாம். ஆனா அதுக்காக ஆணுக்குன்னு வேதத்துல தனியா ஒரு பொறுப்பும் இல்லன்னு போயிடக்கூடாது. எபேசியர் 5:23 புருஷனை மனைவிக்குத் தலைன்னு சொல்லுது, 1 கொரிந்தியர் 11:3ம் சொல்லுது. 1 தீமோத்தேயு 5:8, தன் வீட்டாரை விசாரியாமற்போனால் அவன் அவிசுவாசியிலும் கெட்டவன். இது நான் எழுதினதில்ல.

ஆதியாகமம் 3 எடுத்துக்கங்க. ஆதாம் பண்ண தப்பு என்ன? பேச வேண்டிய நேரத்துல வாயைத் தொறக்கல, கேள்வி வந்ததும் "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்"னு பழியைத் தூக்கி அவ மேல போட்டான், தேவன் மேலயும் சேர்த்து. ஆம்பளையோட ஆதி பாவம் முரட்டுத்தனம் இல்ல, பொறுப்புலருந்து நழுவுறது. இன்னைக்கு எத்தனை வீட்ல புள்ளைங்களோட ஜெபிக்கிறது அம்மா மட்டும்? எத்தனை சபையில ஞாயித்துக்கிழமை ஆம்பளைங்க பின் பெஞ்சுல போன் நோண்டிட்டு இருக்காங்க? அவங்களைப் பார்த்து யாராவது எழுந்திருடான்னு சொல்ல வேண்டாமா? அதைத்தான் இந்த மாதிரி கூடுகைங்க பண்ணப் பாக்குது. சிங்கத்தைக் கிண்டல் பண்றது ஈஸி.

மார்த்தாள்_பேசறேன்:

கேப்டன் அண்ணா, ஆதாம் பத்தி நீங்க சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு, நெஜமா. மிச்சத்துக்கு பதில் சொல்லியே ஆகணும்.

நீங்க எபேசியர் 5:23லருந்து ஆரம்பிச்சீங்க. 21லருந்து ஆரம்பிங்க. "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." ரொம்பப் பழைய கிரேக்க கையெழுத்துப் பிரதிகள் சிலதுல 22ஆம் வசனத்துல கீழ்ப்படியுங்கள்ங்கிற வினைச்சொல்லே கிடையாது, மேல 21ல இருக்கிறதையே கீழயும் சேர்த்து வாசிக்கணும். அதாவது மனைவி கீழ்ப்படியறது, எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியறதோட ஒரு துண்டு. அப்புறம் எண்ணிப் பாருங்க, மனைவிக்கு 3 வசனம், 22லருந்து 24. புருஷனுக்கு 25லருந்து 33 வரைக்கும் போகுது, 33ல கடைசி அரை வரி மட்டும் மறுபடி மனைவிக்கு. அந்தக் காலத்துல குடும்பத்தைப் பத்தி எழுதினவங்க, அரிஸ்டாட்டில் உட்பட, வீட்டு ஆம்பளை எப்படி ஆளணும்னுதான் எழுதினாங்க. ரோம சட்டத்துல வீட்டுத் தகப்பனுக்கு இருந்த அதிகாரம் நீங்களும் நானும் நினைச்சுப் பார்க்க முடியாத அதிகாரம். அந்த உலகத்துல பவுல் புருஷனைப் பார்த்து ஆளுன்னு ஒரு தடவைகூட சொல்லல, கிறிஸ்து சபைக்காக "தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார்" அதே மாதிரி நீயும் அன்புகூருன்னு சொல்றார். தலைங்கிற வார்த்தையை வெச்சுக்கங்க அண்ணா, யாரும் பிடுங்கல, ஆனா அந்தத் தலையில முள்கிரீடம்தான் இருந்துச்சு.

1 தீமோத்தேயு 5:8. அந்த அதிகாரம் விதவைகளை யார் கவனிக்கணும்ங்கிறதைப் பத்தினது. அம்மாவையும் பாட்டியையும் சபை தலையில கட்டிட்டுப் போகாதீங்கன்னு சொல்ற இடம். அங்க ஒருவன்னு இருக்கிறது கிரேக்கத்துல யாராயிருந்தாலும்னுதான் அர்த்தம், ஆம்பளைன்னு குறிச்சு சொல்லல. விசாரிக்கிறதுன்னா சம்பளக் கவரைக் கொண்டுவந்து டேபிள்ல வைக்கிறது மட்டுமா? காலையில 6 மணிக்கு எழுந்து புள்ளையைக் குளிப்பாட்டுறது விசாரிக்கிறது இல்லாம என்ன?

சம்பளம் இல்லாதவன் ஆம்பளையான்னு கேட்ட பிரதருக்கு லூக்கா 8:3. யோவன்னாள், சூசன்னாள், இன்னும் நிறைய பெண்கள் "தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியஞ்செய்துகொண்டுவந்த" பெண்கள்னு இருக்கு. இயேசுவும் 12 பேரும் ஊர் ஊரா போனப்ப செலவு பார்த்துக்கிட்டது பெண்கள் காசு. அவர் அதை மறைக்கல, லூக்கா பேரோட எழுதி வெச்சிருக்கார்.

இனிமே எழுதப் போறது கொஞ்சம் கஷ்டம். எங்க அப்பா சபை மூப்பர். நல்லா ஜெபிப்பார், கேக்கிறவங்க உருகிப் போவாங்க. வீட்ல அம்மாவை அடிப்பார். அடிக்கிறதுக்கு முன்னாடி கைக்கடிகாரத்தைக் கழட்டி ஷெல்ஃப்ல வைப்பார், அந்த சின்ன டக் சத்தம் கேட்டா நானும் தம்பியும் கட்டில் அடியில போயிடுவோம். நான் தலைன்னு சொல்லிக்கிட்டேதான் அடிப்பார். சபையை நடத்துறவன் அடிக்கிறவனா இருக்கக்கூடாதுன்னு 1 தீமோத்தேயு 3:3ல இருக்குன்னு எனக்கு 24 வயசுலதான் தெரியும். அவ்வளவு வருஷம் அந்த சபையில உக்காந்திருக்கேன், ஒரு பிரசங்கத்துல கூட அந்த வசனத்தைக் கேட்டதில்ல. கூட்டத்துல அழற ஆம்பளையைத் திருத்த அத்தனை பேர் ஆமென் சொல்றாங்க, அந்த டக் சத்தத்துக்கு யாரும் எதுவும் சொல்லல.

பிரதர், நீங்க கத்தினப்ப நிமிர்ந்த மாதிரி இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அது உங்களை பயமுறுத்துச்சுன்னும் எழுதினீங்க. எங்க அப்பாவுக்கு அது பயமா இருந்ததே இல்ல.

ஹிஸ்டரி_வாத்தி:

சிஸ்டர் எழுதினதுக்கு அப்புறம் எழுத கை வரல, ஆனாலும் நமக்குத் தெரிஞ்சது சரித்திரம், அதைச் சொல்லிட்டுப் போறேன்.

இந்த போர்வீரன், தசை, சிங்கம் சமாச்சாரம் எல்லாம் அப்போஸ்தலர் காலத்துலருந்து வருதுன்னு நினைச்சுக்காதீங்க. 1850கள்ல இங்கிலாந்துல மஸ்குலர் கிறிஸ்டியானிட்டின்னு ஒரு அலை. சபை ரொம்ப மென்மையாயிடுச்சு, பெண்கள் கூட்டமாயிடுச்சு, வாட்டசாட்டமான விளையாட்டு வீரன்தான் நல்ல கிறிஸ்தவன்னு ஒரு பேச்சு. ஆபீஸ், தொழிற்சாலை, நகரம்னு வாழ்க்கை மாறினதுல ஆம்பளைங்களுக்கு வந்த பதட்டம் அதுக்குள்ள நிறைய இருந்துச்சு. 1844ல லண்டன்ல ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்எம்சிஏங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை ஆரம்பிச்சப்ப அது துணிக்கடைகள்ல வேலை பார்த்த பையன்களுக்கு ஜெபமும் வேதபாடமும், ஜிம் எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு. 1891ல ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணியடிச்சு பாஸ்கெட்பால் கண்டுபிடிச்சார், அவர் இறையியல் படிச்சவர். 1895ல வாலிபால், அதுவும் ஒய்எம்சிஏதான். நான் வாலிபால் ஆடினவன், அதனால இந்த அலையை முழுசா திட்ட மனசு வரல.

திரும்பவும் 1990ல அமெரிக்காவுல ஒரு புட்பால் கோச், பில் மெக்கார்ட்னி, பிராமிஸ் கீப்பர்ஸ்னு ஒரு கிறிஸ்தவ ஆண்கள் இயக்கம் ஆரம்பிச்சார். ஸ்டேடியம் ஸ்டேடியமா ஆம்பளைங்க. 1997ல வாஷிங்டன்ல லட்சக்கணக்குல கூடினாங்க. வீட்டுத் தலைமையைத் திரும்ப எடுத்துக்கங்கன்னு அங்கயும் பேச்சு இருந்துச்சு, விமர்சனமும் நல்லா வாங்கினாங்க, ஆனா கேப்டன் சார், அந்தக் கூட்டங்கள்ல நடந்தது என்ன தெரியுமா, ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதாங்க. அதுக்குன்னே வந்த மாதிரி.

இதுல பெரிய தமாஷ், ஆதி சபை மேல இருந்த குற்றச்சாட்டே இவங்க ஆம்பளைத்தனம் இல்லாதவங்கங்கிறதுதான். லத்தீன்ல விர்னா ஆண், அதுலருந்து வந்த விர்த்தூஸ்தான் ரோமனுக்கு வீரம், மேன்மை, எல்லாம். அடிமைகளுக்கும் கலகக்காரங்களுக்கும் குடுக்கிற சிலுவைத் தண்டனையில துணியில்லாம தொங்கினவரை கடவுள்னு கும்பிடுறவங்களை அவன் எப்படிப் பார்த்திருப்பான்? 2ஆம் நூற்றாண்டுல கெல்சஸ்னு ஒருத்தர், இது பெண்களையும் அடிமைகளையும் சின்னப் பசங்களையும் பிடிக்கிற மதம்னு எழுதினார். ஓரிகன்னு ஒரு கிறிஸ்தவ அறிஞர் அதுக்கு மறுப்பு எழுதினதாலதான் கெல்சஸ் சொன்னது நமக்குக் கிடைச்சிருக்கு. அப்புறம் 11ஆம் நூற்றாண்டுல, பின்னாடி கான்டர்பரி பேராயரான அன்செல்ம், ஒரு ஜெபத்துல இயேசுவையே தாய்னு கூப்பிடுறார், கோழி தன் குஞ்சுகளைச் சேர்க்கிற மத்தேயு 23:37ஐ வெச்சு. இன்னைக்கு அதை மைக்ல சொன்னா வயரைப் பிடுங்கிடுவாங்க.

கூடாரவாசி:

எல்லாரும் புருஷன், மனைவி, தலைன்னே பேசுறீங்க. எனக்கு 41, கல்யாணம் ஆகல, ஆகப் போறதும் இல்லன்னு நினைக்கிறேன். எங்க சபையில எனக்கு உக்கார இடமே கிடையாது, வாலிபர் கூடுகைக்கு வயசு போச்சு, தம்பதியர் கூடுகைக்கு தகுதி இல்ல, ஆண்கள் கூடுகைக்குப் போனா மனைவியை எப்படி நேசிக்கிறதுன்னு 6 வாரத் தொடர். அங்க உக்காந்து நோட்ஸ் எடுத்தேன், சும்மா.

மனைவிக்குத் தலையா இருக்கிறதுதான் ஆம்பளைன்னா இயேசு யாரு? பவுல் யாரு? அந்தப் பவுல் தன்னைப் பத்தி சொல்லும்போது, 1 தெசலோனிக்கேயர் 2:7, பால்கொடுக்கிற தாய் மாதிரி உங்ககிட்ட நடந்துக்கிட்டேன்னு சொல்லிட்டு, 4 வசனம் தள்ளி தகப்பன் மாதிரின்னும் சொல்றார். மனுஷனுக்கு ரெண்டும் ஒரே பத்தியில வருது, கூச்சமே இல்ல.

என் பேர் எதுலருந்து எடுத்தேன்னு தெரியும்ல? ஆதியாகமம் 25:27. ஏசா வேட்டைக்காரன், காட்டு ஆளு, அப்பாவுக்கு அவனைத்தான் பிடிக்கும். யாக்கோபு கூடாரவாசி, அடுப்பு முன்னாடி நிக்கிறவன். ரெண்டு பேரும் பெரிய யோக்கியர் கிடையாது, அது வேற கதை. ஆனா வாக்குத்தத்தம் கூடாரத்துல சமைச்சுட்டு இருந்தவன் வழியாத்தான் போச்சு.

கேப்டன்_யோசுவா:

சிஸ்டர், உங்க அப்பா கதைக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த மாதிரி ஆளை சபை அன்னைக்கே இறக்கியிருக்கணும். ஆனா ஒரு வார்த்தையை ஒருத்தர் தப்பா பயன்படுத்தினா அந்த வார்த்தையே தப்பாயிடுமாங்கிறது என் கேள்வி, அதை நான் விட மாட்டேன். ஆணும் பெண்ணும் எல்லாத்துலயும் ஒரே அச்சுன்னா தேவன் ஏன் ரெண்டா படைச்சார்? மரியாளோட புருஷன் யோசேப்பைப் பாருங்க, கனவு கண்டதும் ராத்திரியோட ராத்திரியா தாயையும் புள்ளையையும் கூட்டிட்டு எகிப்துக்குக் கிளம்பினான். அது தலைமை இல்லாம வேற என்ன?

பழைய_வலை:

யோசேப்பை இழுத்தீங்க பாருங்க, நல்ல ஆளை இழுத்தீங்க. 4 சுவிசேஷத்துலயும் தேடிப் பாருங்க கேப்டன், அந்த மனுஷன் வாயிலருந்து வந்ததா ஒரு வார்த்தை எழுதியிருக்கா? ஒண்ணுகூட இல்ல. பேர் வெச்சார்னு இருக்கு, எழுந்தார், கூட்டிட்டுப் போனார், திரும்பி வந்தார்னு இருக்கு. அதுக்கும் முன்னாடி மத்தேயு 1:19ஐ பாருங்க, கனவு வர்றதுக்கு முன்னாடியே, தான் ஏமாந்துட்டோம்னு நினைச்ச நேரத்துலயே, அவளை அவமானப்படுத்த அவருக்கு மனசில்ல. வேதம் அவரை நீதிமான்னு சொல்றது அந்த இடத்துல. ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தா நியாயப்பிரமாணப்படி யாரும் அவரைத் தப்பு சொல்லியிருக்க முடியாது. நீங்க சொல்ற தலைமைக்கு நான் ஆமென் சொல்றேன், ஆனா அது எந்த மேடையிலயும் ஏறாத தலைமை.

இன்னொரு சங்கதியும் சொல்லிடறேன். தாவீது சாகிற நேரத்துல மகன் சாலொமோனைக் கூப்பிட்டு "நீ திடன்கொண்டு புருஷனாயிரு"ன்னு சொல்றார், 1 இராஜாக்கள் 2:2. கர்த்தருடைய வழியில நடன்னும் சொல்றார். நல்லாத்தான் ஆரம்பிக்குது. கொஞ்சம் கீழ வாங்க, தளபதி யோவாபை சமாதானமா சாக விடாதே, தன்னைச் சபிச்ச சீமேயியோட நரைமயிரை இரத்தத்தோட பாதாளத்துல இறங்கப்பண்ணுன்னு அதே வாய் சொல்லுது. அதே தாவீது, மகன் அம்னோன் மகள் தாமாரைக் கெடுத்தான்னு கேட்டப்ப வெகு கோபம் வந்துச்சாம், 2 சாமுவேல் 13:21, அதுக்கு மேல அவர் ஒண்ணும் பண்ணினதா இல்ல. கோலியாத்தை அடிச்ச கை சொந்த மகளுக்காக எழும்பல. கேப்டன் சொன்ன ஆதாமோட நழுவல் இங்கயும் இருக்கு பாருங்க, அதுவும் வாள் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட. அதனாலதான் புருஷனாயிருங்கிற வார்த்தையைக் கேட்டா, யாரு, யாருகிட்ட, எதுக்கு சொல்றாங்கன்னு நான் ரெண்டு தடவை பார்ப்பேன்.

ஓரமா_உக்காந்தவன்:

எல்லாரும் எழுதினதை ராத்திரி உக்காந்து வாசிச்சேன், சங்கீதம் 27:14ஐ மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன். மார்த்தாள் சிஸ்டர், உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அந்தக் கடிகாரம் மனசுலயே இருக்கு.

நேத்து மனைவிகிட்ட சனிக்கிழமை நடந்ததை சொல்லிட்டேன். டியூட்டி முடிச்சு வந்து ஷூகூட கழட்டாம கேட்டுட்டு இருந்தா. "14 பேர்ல ஒருத்தர் கூட தண்ணி குடுக்கலயா"ன்னு மட்டும் கேட்டா. எனக்கு அது தோணவே இல்ல, நான் வசனத்தைப் பத்தியே யோசிச்சுட்டு இருந்திருக்கேன்.

பாப்பாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "நீ கத்தினப்ப அப்பா மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, அந்த மூஞ்சியை செஞ்சு காட்டினா. பார்க்க முடியல.

இன்னொண்ணும் நடந்துச்சு. அன்னைக்கு ஆமென் சொன்னவங்கள்ல ஒருத்தர் போன் பண்ணினார். என்னை விட பெரியவர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன், கோட்டு போட்டுக்கிட்டு முன் வரிசையில உக்கார்றவர். "தம்பி, நானும் ஆமென் சொன்னேன், மன்னிச்சிரு"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன். அவருக்கும் வேலை போய் 3 மாசம் ஆச்சாம். தினமும் காலையில கிளம்பி பார்க்ல உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறாராம். வீட்ல யாருக்கும் தெரியாது. யாராவது கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்துதான் எல்லாரையும் விட சத்தமா ஆமென் சொன்னேன்னார்.

நாளைக்கு காலையில பார்க்குக்குப் பதிலா எங்க வீட்டுக்கு வாங்கன்னு சொல்லியிருக்கேன். வந்தா என்ன பேசறதுன்னு தெரியல. லீடர்கிட்டயும் பேசணும், அதுக்கு இன்னும் தைரியம் வரல.

கேப்டன் பிரதர், நீங்க கோபப்படாம எழுதினதுக்கு தேங்க்ஸ். நழுவுறதைப் பத்தி நீங்க சொன்னது எனக்கு உறைச்சுது. "நல்லா இருந்துச்சு"ன்னு மனைவிகிட்ட சொன்னேன் பாருங்க, அதுவும் நழுவல்தான்.

கேப்டன்_யோசுவா:

ஜெபிக்கிறேன் பிரதர். அந்த அண்ணன் என்ன வேலை பார்த்தார்னு கேட்டு தனியா மெசேஜ் பண்ணுங்க, எங்க ஆபீஸ்ல கேட்டுப் பார்க்கிறேன். உங்களோடதையும் அனுப்புங்க. தலைமை விஷயத்துல நான் இன்னும் மாறல 🙂

மார்த்தாள்_பேசறேன்:

வகிடு கோணுதுன்னு மொதல்லயே எழுதியிருந்தீங்க, ஒருத்தரும் அதுக்கு பதில் சொல்லல. முடியை லேசா ஈரம் பண்ணிக்கங்க. பாப்பாவைக் குனிய சொல்லாதீங்க, நேரா பார்த்து உக்கார வைங்க, நீங்க அவ பின்னாடி நடுவுல உக்காருங்க, பக்கவாட்டுல இருந்து இழுத்தா கண்டிப்பா கோணும். மூக்கு நுனிக்கு நேரா நெத்தியில ஆரம்பிச்சு உச்சி வரைக்கும் ஒரு கோடு, அங்க நிறுத்திருங்க. அப்புறம் பின் கழுத்து நடுவுல குழி இருக்கும் பாருங்க, அங்கருந்து மேல பார்த்து இன்னொரு கோடு, ரெண்டும் உச்சியில வந்து சேரணும். வால் சீப்பு இருந்தா நல்லது.